தலையளவு

தொப்பி கண்ணைத் தாண்டி மூக்குத் தண்டில் வந்து நின்றது. உள்ளே இருட்டு. புதுப் பட்டும் பசையும் கலந்த வாசனை. அந்த இருட்டு இசக்கியப்பனுக்கு வேண்டித்தான் இருந்தது; யாரும் எடுக்காவிட்டால் இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தான். "குனிங்க" என்று தொப்பி தைக்கிற பிர்க்கோ சொன்னதால் குனிந்திருந்தான். நாளைக்குப் பட்டமளிப்பு விழா மேடையில் முனைவர் பட்டத் தொப்பியைத் தலையில் வைத்ததும் ஒவ்வொருவரும் சபையைப் பார்த்து ஒரு முறை குனிந்து வணங்க வேண்டும். குனியும்போது தொப்பி விழுந்தால் அவமானம் போட்டவனுக்கு இல்லை, தைத்தவளுக்குத்தான் என்பது பிர்க்கோவின் கட்சி. அதனால் ஹெல்சின்கியின் இந்தச் சின்னக் கடைக்கு வருகிற எல்லோரையும் கண்ணாடி முன்னால் நிறுத்திக் குனியவைத்துப் பார்த்த பிறகுதான் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுப்பாள். மே மாதத் தொடக்கத்தில், பாதி தைத்த நிலையில் போட்டுப் பார்த்தபோது, ஆணி அடித்தது மாதிரி நின்றது. "இது உங்க தலையிலயே முளைச்சது" என்று அன்று சிரித்தாள். இன்று தொப்பியைத் தூக்கி எடுத்துவிட்டு, சிரிக்காமல், அவன் தலையைப் பார்த்தாள். ஒரு கடிதத்தைப் படித்து முடிக்கிற நேரம் பார்த்தாள். மார்ச்சில் அளவெடுத்தபோது அந்தத் தலையில் விரல் நுழையாத அளவுக்குச் சுருட்டை முடி இருந்தது. இப்போது பாதி அரிசி நீளத்துக்கு முள் முளைத்திருந்தது, அவ்வளவுதான்.

"தொப்பி அதேதான்" என்றாள். "தலைதான் வேற."

"ஆமா."

"உள்பட்டைக்குப் பின்னால ஒரு கம்பளித் துண்டு வச்சாச் சரியாப் போகும். ஒட்டவா, தைக்கவா? ஒட்டினா ஒட்டினதுதான். தைச்சா முடி வளர்ந்த பிறகு பிரிச்சு எடுத்துக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "தலை இனிமே இப்படித்தானா?"

"தெரியல" என்றான்.

"உங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படித் தெரியும்? சரி, முதல்ல அளவு எடுப்போம். கருவி உள்ள இருக்கு, தேடணும். உக்காருங்க."

திரைச் சீலை அவளுக்குப் பின்னால் ஆடி நின்றது. முக்காலியில் உட்கார்ந்தான். சுவரோடு சாத்தியிருந்த வாள் வழுக்கி விழப் பார்த்தது. பிடித்து மடியில் வைத்துக்கொண்டான். இந்த நாட்டில் முனைவர் என்றால் தொப்பியும் வாளும். தொப்பி சுதந்திரத்துக்கு, வாள் முனைவர் கண்டறிந்த உண்மைக்காகப் போராடுவதற்கு என்று விழாக் குழு அனுப்பிய கடிதத்தில் எழுதியிருந்தது. உண்மைக்காக. உறை போட்ட வாளைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்று பஸ்ஸில் வந்தான், பக்கத்து இருக்கைக் கிழவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள், யாரும் என்ன அது என்று கேட்கவில்லை. வாளைக் கேட்காதவர்கள் மொட்டைத் தலையையா கேட்கப்போகிறார்கள். ஆய்வகத்தில் ஒருவன் மட்டும் "கோடைக்கு நல்லது" என்றான். அதற்கும் தலையை ஆட்டினான். ஊரில் என்றால் பஸ் ஸ்டாண்டு முக்கில் டீக்கடைக்காரனிலிருந்து பூக்காரி வரைக்கும் நிறுத்தி நிறுத்திக் கேட்டிருப்பார்கள், யாருல, எப்பல, எப்படில என்று. கேட்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே ஒரு மரணம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும். இங்கே யாரும் கேட்காததால் அது தேயாமல், முனை மழுங்காமல், பதினைந்து நாளாக அப்படியே இருக்கிறது. பதினைந்து. இன்று பதினைந்து, நாளை பதினாறு. இன்று மாலை ஆறு மணிக்கு வாளுக்குச் சாணை பிடிக்கும் சடங்கு. சாணைக் கல்லில் தண்ணீருக்குப் பதில் பொங்கும் ஒயினை ஊற்றுவார்கள், முனைவர் வாளை வைக்க, அவர் கூட வந்தவர் கைப்பிடியைப் பிடித்துக் கல்லைச் சுற்ற வேண்டும். மனைவி, நண்பன், தாய், தகப்பன், யாராவது. படிவத்தில் 'உடன் வருபவர்' என்ற கட்டத்தில் அவன் ஒரு கோடு போட்டு அனுப்பினான். சுற்றுவதற்கு ஓர் ஆளை நாங்களே ஏற்பாடு செய்கிறோம், கவலைப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. கவலைப்படவில்லை. கோடு போட்டது மே மாதத்தில். அப்போது அப்பா இருந்தார். அப்பா இருந்தபோதே அந்தக் கட்டத்தில் கோடுதான் போட்டிருக்கிறோம் என்பது இப்போதுதான் தட்டியது. பெயரை எழுதியிருக்கலாம். வரப்போவதில்லை என்றாலும் எழுதியிருக்கலாம்.

சட்டைப் பையில் போன் கனத்தது. பஸ்ஸில் வரும்போது அக்கா குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தாள். ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. மாரிச்செல்வி அக்கா நல்ல செய்தி என்றால் எழுத்தில் அனுப்புவாள், பேசி அனுப்பினால் அதில் ஏதாவது இருக்கும். நாளைக்குக் காரியம் நடக்கிறபோது வீடியோவில் வந்து நில்லு என்று கேட்பாள். காலையில் ஐயர் வந்து, குளக்கரையில் உட்கார்ந்து, எல்லாம் முடிந்து, பந்தியில் இலை போடும்போது மத்தியானம் ரெண்டு ஆகிவிடும், அங்கே ரெண்டு என்றால் இங்கே பதினொன்றரை, பதினொன்றரைக்கு அவன் வாலுடைய கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பான். வாளும் இடுப்பில் இருக்கும். அந்தக் கோலத்தில் போனை எடுக்க முடியாது. எடுக்காவிட்டால் என்ன சொல்வது. ஏற்கெனவே ஒன்று சொல்லியாயிற்று. சொன்னது ஒரே ஒரு பொய், ஆனால் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. குடியிருப்பு அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், இப்போது வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னான். தடுமாறாமல் சொன்னான், பல நாள் ஒத்திகை பார்த்தவன் மாதிரி. அட்டை பர்ஸில் இருக்கிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குச் செல்லும். அதில் உள்ள படத்தில் முடியோடு சிரிக்கிறான்.

அன்று வியாழக்கிழமை. அக்கா முதலில் கூப்பிட்டபோது பேசவில்லை, அழுதாள், அதிலேயே தெரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டு, விமானச் சீட்டு எடுக்கக் கணினியைத் திறந்தான். பெயரைப் போட்டான், பாஸ்போர்ட் எண்ணைப் போட்டான், புறப்படும் தேதி போட்டான். அடுத்து திரும்பும் தேதி. அந்தக் கட்டத்தில் கோடு மினுங்கி மினுங்கி நின்றது. போனால் பதினாறும் இருந்துதான் வர வேண்டும், ஒரே மகன். விரலை மடக்கி எண்ணினான். பதினாறாம் நாளும் விழா நாளும் ஒன்றாக வந்தது. மறுபடி எண்ணினான், இறந்த நாளைச் சேர்த்து, சேர்க்காமல். சேர்த்தால்தான் கணக்கு, சேர்த்தால் இரண்டும் ஒரே நாள். இந்த விழா வருஷா வருஷம் நடப்பதில்லை, அடுத்தது நாலு வருஷம் கழித்து, அப்போது எங்கே இருப்போமோ. ஏழு வருஷம் சதுப்பு நிலத்தில் முழங்கால் அளவு பூட்ஸோடு நின்று குழாய் இறக்கி மண்ணெடுத்தவன். வாய்மொழித் தேர்வு அன்று, எதிர்க்கேள்வி கேட்க வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் தன் தொப்பியைக் கழற்றி மேஜையில், யாழ்ச் சின்னம் பதித்த பக்கம் சபையைப் பார்த்து இருக்கும்படி, ஒரு சோற்றுப் பானையை வைப்பது போல அத்தனை கவனமாக வைத்தார். நாலு மணி நேரமும் அவன் அந்தத் தொப்பியைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். அதற்காகவா. அதற்காகத்தான். வேறு எதற்காகவும் இல்லை. அக்கா இரண்டாம் தடவை கூப்பிட்டு "ஏல, எப்பல வார? ஐஸ் பெட்டில வச்சிருக்கோம், எல்லாரும் கேக்காவ" என்றபோது திரும்பும் தேதி இன்னும் காலியாக இருந்தது. அட்டை, புதுப்பித்தல் என்று சொன்னான். அக்கா ஒரு நொடி பேசவில்லை. "சரி. அப்ப சித்தப்பா மகன வைக்கச் சொல்லுதேன்" என்றாள். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அவள் என்ன நினைத்தாள்.

சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி உள்ளே வியர்த்து அப்பா முகம் தெரியவில்லை, ஒருவர் துண்டால் மேலே துடைக்கிறார், வியர்வை உள்பக்கம், துடைத்துக்கொண்டே இருக்கிறார். சொல்ல நினைத்தான், உள்பக்கம் என்று. சொன்னால் கேட்காது, அவன் பக்கம் சத்தத்தை அணைத்து வைத்திருந்தான். பிறகு கடைக்குப் போய் ஒரு சவரக் கத்தி வாங்கி வந்தான். குளியலறையில் சட்டையைக் கழற்றிவிட்டு, முதலில் கத்தரியால், பிறகு கத்தியால். முன்பக்கம் சுலபம். பின்மண்டையை யாருக்கும் தன் கையால் சரியாகச் சிரைக்க முடியாது, அதற்காகத்தான் இன்னொருவன் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள் போல. இடது காதுக்கு மேலே கீறிக்கொண்டது. வடிகாலில் முடி அடைத்துத் தண்ணீர் பாதம் வரை ஏறி நின்றது. குனிந்து முடியை அள்ளி அள்ளிக் குப்பைத் தாளில் வைத்தான். ஊரில் தலை முழுக ஊற்றிவிட ஆள் இருப்பார்கள். அழவில்லை. கண்ணாடியில் தெரிந்தவனைப் பார்த்துத் திடுக்கிட்டது மட்டும்தான். இதை யாருக்காகச் செய்தோம். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் போகாததற்கு ஈடு கட்டின மாதிரி ஆகும். இல்லை, அதற்காகத்தான் செய்தான், ஈடு கட்டத்தான், கட்டியதை யாரிடமும் காட்ட முடியவில்லை, அவ்வளவே. தொப்பி நினைவுக்கே வரவில்லை என்பதுதான் வேடிக்கை. எந்தத் தொப்பிக்காகப் போகாமல் இருந்தானோ அந்தத் தொப்பி இப்போது இந்தத் தலையில் நிற்கமாட்டேன் என்கிறது. அவன் மண்ணெடுத்த சதுப்பில் விழுந்தது எதுவும் அழுகாது, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இலைகூட நரம்போடு கிடைக்கும். தோண்டாமல் இருந்தால் தெரியாது.

உள்ளே பிர்க்கோ எதையோ நகர்த்தினாள், தகரம் உரசும் சத்தம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் கூண்டுக் கதவும் இப்படித்தான் உரசும். நேரக் காப்பாளர். முப்பத்தோரு வருஷம் எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதினார். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை, வீட்டு நாள்காட்டியில் ஒவ்வொரு தாளிலும் ஏதாவது எழுதியிருக்கும். காலை 6.10 பால். 11.40 கேஸ் வந்தது. மாலை 4.25 மழை, 4.50 நின்றது. அவன் முதன்முதலாக விமானம் ஏறியபோது "எத்தன மணிக்குக் கிளம்பும்னு சொல்லுதியே தவிர எத்தன மணிக்குக் கிளம்பிச்சுன்னு சொல்ல மாட்டுக்கியல" என்று போனில் கோபித்துக்கொண்டார். மார்ச்சில் தொப்பிக்கு அளவெடுத்த அன்று கூப்பிட்டான்.

"தலைய அளந்தாவளா? எப்படி, நூல் வச்சா?"

"இல்லப்பா, ஒரு மிசினு இருக்கு. கிரீடம் மாரி. தலையில வச்சா மேல ஒரு அட்டையில நம்ம மண்ட எப்படி இருக்குன்னு ஓட்ட போட்டுக் காட்டிரும்."

"உள்ள என்ன இருக்குன்னும் காட்டுமால?" அவரே சிரித்துக்கொண்டார். "எத்தன வந்துச்சு?"

"அறுபது."

"அறுபதா! எருமைத் தலையால ஒனக்கு?"

மறுநாள் இங்கே காலை ஐந்தரைக்கு, இன்னும் விடியாத நேரத்தில், அவரே கூப்பிட்டார். பூ கட்டுகிற நூலை வைத்து அளந்தாராம், அம்மா அளவுகோல் பிடித்தாளாம். "எனக்கு அம்பத்தெட்டுல. ஒனக்கு ரெண்டு கூட. ஆனா எனக்கு முடி கெடையாது பாத்துக்க. ஒன் முடியக் கழிச்சுட்டா ரெண்டு பேருக்கும் ஒரே தலதான்." எத்தனை சந்தோஷம் அந்தக் குரலில். தூக்கக் கலக்கத்தில் சரிப்பா, சரிப்பா என்று வைத்துவிட்டான். விழா எந்தத் தேதி என்று கேட்டார், சொன்னான். எத்தனை மணிக்கு வைப்பார்கள் என்று கேட்டார். அதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை என்றான். பிறகு முடிவானது. பிறகு சொல்ல மறந்துவிட்டான்.

பிர்க்கோ கருவியோடு வந்தாள். கறுப்பு மரச் சட்டங்களை வளையமாகக் கோத்த பழைய சாமான், ராஜாவின் கிரீடத்துக்கும் எலிப் பொறிக்கும் இடைப்பட்ட உருவம். தலையில் இறக்கினாள். முடி இருந்தபோது இதன் குளிர்ச்சி தெரிந்ததில்லை. இப்போது ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாகத் தோலில் வந்து தொட்டது. நேராக நிற்கிறதா என்று பார்க்க அவள் ஒரு கையால் பின்மண்டையைத் தாங்கிக்கொண்டாள். சூடான, ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்த கை. முடி எடுத்த பிறகு அந்தத் தலையை அவன் கையைத் தவிர வேறொரு கை தொட்டதில்லை. ஆடக்கூடாது என்றாள். அவன் ஆடியிருக்க வேண்டும். மேலே மூடியை அழுத்தினாள், அட்டையில் முள் இறங்கும் சத்தம் மெல்லக் கேட்டது. பிறகு நாடாவை எடுத்துத் தலையைச் சுற்றிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தாள்.

"அம்பத்தெட்டு" என்றாள். "முன்னால அறுபது. ரெண்டு குறைஞ்சிருக்கு."

வெளியே டிராம் வண்டி போனது. கண்ணாடி அலமாரியில் இருந்த தொப்பிகள் எல்லாம் லேசாக அதிர்ந்து நின்றன.

"எங்க அப்பா இறந்துட்டார்" என்றான். மொழி வகுப்பில் இறந்த காலம் படித்த வாரத்தில் போட்ட வாக்கியம் போல அத்தனை எளிய வாக்கியமாக இருந்தது. "அதான் முடி எடுத்தேன். எங்க ஊர்ல மகன் எடுக்கணும்."

பிர்க்கோ மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே "யோ" என்றாள். இந்த ஊரில் ஆமாம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள், வெளியே விடாமல் உள்ளே வாங்கிக்கொண்டு. வந்த புதிதில், ஒவ்வொருவரும் தன்னை யோவ் என்று கூப்பிட வாயெடுத்து விழுங்கிவிடுகிறார்கள் என்று நினைப்பான். அவள் கருவியிலிருந்து அட்டையை உருவி, இழுப்பறையில் தேடி மார்ச் மாத அட்டையையும் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெளியே ஒரு கோடு, உள்ளே ஒரு கோடு. நடுவில் ஒரு கனம். அந்தக் கனத்தைக் கட்டைவிரல் நகத்தால் அளந்துகொண்டாள்.

"எப்போ?" என்று அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பதினஞ்சு நாள் ஆச்சு."

"போயிட்டு வந்தீங்களா?"

"இல்ல."

ஏன் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தான். குடியிருப்பு அட்டை, புதுப்பித்தல் என்ற சொற்கள் வாய் வரைக்கும் வந்து நின்றன. அவள் கேட்கவில்லை. கேட்காததால் அவை நாக்கிலேயே கிடந்தன. "தைக்கிறேன்" என்றாள் கடைசியில். "முடி வளரும். வளர்ந்ததும் கொண்டு வாங்க, நானே பிரிச்சு எடுக்கறேன்." ஜன்னலோரம் உட்கார்ந்து தொப்பியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் ஊசியில் நூல் கோத்தபோது அவன் போனை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டான். பயம் குறைந்திருக்கவில்லை, தள்ளிப்போடுகிற தெம்புதான் குறைந்திருந்தது.

"ஏல இசக்கி, அக்கா பேசுதேன். சாப்ட்டியா? நாளைக்குப் பதினாறு. பந்தக்காரன் இப்பத்தான் வந்துட்டுப் போறான். வீடு கழுவிக்கிட்டு இருந்தேன். நாள்காட்டித் தாளு பதினஞ்சு நாளா யாரும் கிழிக்கல, அப்பாதான கிழிப்பாவ. அம்மா கிழிச்சிரு, கண்ணுல படுதுன்னா. கிழிச்சிக்கிட்டே வந்தேன். நாளைத் தாள்ல அப்பா எழுதி வச்சிருக்காவ. 'இசக்கி தொப்பி'ன்னு." ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். தூரத்தில் சேவல். "அம்மா பாக்கல. அந்தத் தாளையும் சேத்துக் கிழிச்சுட்டேன். எம் பைக்குள்ள இருக்கு. நீ ஒண்ணும் சொல்லாண்டாம். நான் ஒண்ணும் கேக்கவும் இல்ல. எல்லாத்துக்கும் நேரம் எழுதுவாவ, இதுக்கு எழுதல. பக்கத்துல எடம் விட்டுருக்காவ. எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லு. வச்சிருதேன்."

செய்தி முடிந்த பிறகும் போன் காதிலேயே இருந்தது. இடம் விட்டிருக்கிறார். ஒரு நொடி பேசாமல் இருந்தாளே அக்கா, அன்றைக்கே தெரிந்ததா, இல்லை இன்றைக்குத் தாளில் பார்த்த பிறகா. அது இனிமேல் தெரியப்போவதில்லை, கேட்க முடியாத கேள்விகளில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. திட்டியிருக்கலாம். நீ மகனால என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி, சண்டை போட்டு, அழுது, ஒரு வழியாக முடிந்திருக்கும். அவள் நேரத்தைக் கேட்கிறாள். இங்கே பன்னிரண்டு மணிக்குத் தொடக்கம், பெயர் வரிசைப்படி அவன் முறை வர அரை மணி ஆகும் என்று விழாக் குழுவின் தாளில் இருந்தது. பன்னிரண்டரை. இரண்டரை மணி நேரம் கூட்டினால் மூன்று. பந்தி முடிந்து, இலை எடுத்து, வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப்போகிற நேரம். 'மூணு மணிக்கா. நம்ம நேரம்' என்று அடித்தான். கேள்வி கேட்பது போல இருந்தது. அழித்தான். 'மூணு மணி' என்று மட்டும் அடித்து அனுப்பினான். இரண்டு கோடுகள் விழுந்து நீலமாயின. அதற்கு மேல் அங்கிருந்து எதுவும் வரவில்லை. பையிலிருந்து தாளை எடுத்திருப்பாளா. அப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில், விட்ட இடத்தில், தன் கையெழுத்தால் எழுதியிருப்பாளா.

"வாங்க" என்றாள் பிர்க்கோ. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

கண்ணாடி முன்னால் போய் நின்றான். யாழ் நெற்றிக்கு நேராக இருக்கும்படி பார்த்து இரு கையாலும் தொப்பியை அவன் தலையில் இறக்கினாள். இறங்கியது, புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. கறுப்புப் பட்டு மடிப்புகளுக்குக் கீழே ஒரு முகம் தெரிந்தது. காதுகள் துருத்திக்கொண்டு, நெற்றி அகன்று, பஸ் ஸ்டாண்டுக் கூண்டின் கம்பிக்குப் பின்னால் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் முகம். எத்தனை மணிக்குக் கிளம்பிச்சு என்று சொல்லாமலே விட்ட முகம்.

"குனிங்க."

குனிந்தான். கண்ணில் கடையின் மரத் தரை தெரிந்தது, அதில் நூல் துணுக்குகள், ஒரு குண்டூசி, தன் காலணியின் முனை. தொப்பி அசையவில்லை.

"இன்னும்."

இன்னும் குனிந்தான். கை தானாக முன்னால் நீண்டு தரையைத் தொட்டது.

"போதும்" என்றாள் பிர்க்கோ. "நிக்குது. போதும், நிமிரலாம்."

சற்று நேரம் பார்த்துவிட்டு அவள் பெட்டியை எடுக்க உள்ளே போனாள். பெட்டியோடு திரும்பி வந்தபோதும் அவன் நிமிர்ந்திருக்கவில்லை.